பாதி மண், பாதி தண்ணீர்

வாழவந்து ஒரு வாரம் கழித்துத்தான் கேசியா அந்த வீட்டில் ஓர் ஆமை இருப்பதைக் கண்டாள். குளியலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வெளுத்துப்போன நீல பிளாஸ்டிக் டப்பு ஒன்று கிடந்தது. துணி ஊறவைக்கலாம் என்று அதன்மேல் மூடியிருந்த பலகையை நகர்த்தினாள். கலங்கிய தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை மேலே வந்தது. கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு. அது அவளைப் பார்த்தது, அவளும் அதைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பழையபடி வைத்துவிட்டு, துணியைப் பக்கெட்டில் ஊறப்போட்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடியிருப்பாள். இல்லையென்றால், இப்படி ஒன்று இருப்பதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கேட்டிருப்பாள். கேசியாவுக்கு இரண்டும் தோன்றவில்லை. அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே தோன்றுவதில்லை.

அவள் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அம்மா படுத்த படுக்கையானாள், வந்த வரன்களைத் தள்ளிப்போட்டார்கள், ஒரு கட்டத்துக்குமேல் கேட்பவர்கள் நின்றுபோனார்கள். பகலெல்லாம் மாம்பழக்கூழ் ஆலையின் பரிசோதனை அறை, மீதி நேரமெல்லாம் அம்மா. அம்மா இறந்த அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்ததும் அவள்தான். "பொண்ணுக்கு எவ்ளோ தைரியம் பாரு" என்று சபையார் மெச்சிக்கொண்டார்கள். அது தைரியம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளினால் தெரியாதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

சில மாதத்தில் சபைப் போதகரான ஐயரும் அவர் மனைவி ஐயரம்மாவும் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை தனராஜ், ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. மனைவி லோயிஸ் சிறுநீரகம் கெட்டு இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள், பெயர் ஸ்வீட்டி, பதினாறு வயது.

"யோசிச்சு சொல்லும்மா" என்றார் ஐயர்.

"சரிங்க ஐயரே."

"யோசிக்கிறன்னு சொல்றியா, சம்மதம்னு சொல்றியா?"

"சம்மதந்தாங்க" என்று சொல்லிவிட்டு, அதே குரலில் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று ஐயரம்மாவைக் கேட்டாள் கேசியா.

தனராஜ் கெட்டவர் இல்லை. ரேணிகுண்டாவிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் சித்தூருக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். ஞாயிறு ஆராதனை. திங்கள் விடியற்காலை பஸ். முதல் மனைவி இருந்தபோதும் இப்படித்தானா, அவள் போனபிறகு இப்படி ஆனாரா என்று கேசியா கேட்டதில்லை. ஆக வாரம் முழுக்க அந்த வீட்டில் இருந்தது கேசியாவும் ஸ்வீட்டியும் மட்டும்தான்.

"வயசுப் பொண்ணு, மொரண்டு புடிக்கும், நீதான் அனுசரிச்சுப் போவணும்" என்று எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்வீட்டி முரண்டு பிடிக்கவே இல்லை. 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டாள். போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், பதினொன்றாம் வகுப்புக்கு இன்டர் காலேஜுக்குப் போனாள், வந்தாள். சண்டை போட்டிருந்தால்கூட ஏதாவது பேச்சு நடந்திருக்கும்.

ஆமையைப் பற்றி முதலில் கேட்டது கேசியாதான்.

"பின்னாடி டப்புல ஆமை ஒண்ணு கீதே."

"மோசே" என்றாள் ஸ்வீட்டி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேரா?"

"அம்மா வெச்சது. பைபிள்ல மோசேயத் தண்ணியில இருந்து எடுத்தாங்க இல்ல, அதனால. திருப்பதியில எக்ஸிபிஷன் போட்டப்ப வாங்கினது. அப்போ இம்மாத்தூண்டு இருந்துச்சு." கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு வட்டம் காட்டின.

இப்போது அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்திருந்தது. டப்புக்குள் ஒருமுறை திரும்ப அது படும் பாட்டை, துணி துவைக்கும்போதெல்லாம் கேசியா பார்த்தாள். ஒருநாள் தூக்கிப் பார்த்தாள். ஓட்டின் ஓரத்தை அழுத்தினால், ஊறிய தோலைப்போல லேசாக உள்ளே போயிற்று. செல்போனில் தேடிப் படித்தாள். அந்த ஜாதி ஆமைக்கு நீந்த ஆழமான தண்ணீரும் வேண்டும், ஏறி உட்கார்ந்து உடம்பைக் காயவைக்கத் தரையும் வேண்டும், வெயிலோ விளக்கோ மேலே படவேண்டும். இல்லாவிட்டால் ஓடு இளகும், கண் வீங்கும், பிறகு செத்துப்போகும். படித்தபோது அவளுக்குப் பரிதாபமாக இல்லை. ஆனால் அம்மாவைக் கவனித்த அத்தனை வருஷப் பழக்கம் கையில் இருந்தது. யாருக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்துவிடும் பழக்கம்.

"பெரிய கண்ணாடித் தொட்டி ஒண்ணு வாங்கிடலாம்" என்றாள் அன்று ராத்திரி சாப்பிடும்போது. "பாதி மண்ணு, பாதி தண்ணி. நடு ஹால்லயே ஜன்னலுக்குக் கீழ வெக்கலாம்."

ஸ்வீட்டி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படின்னா அது தனியா வேணாம். கூட ஏதாச்சும் உடணும்."

"இன்னா உடலாம்?"

"மீனு, நண்டு. எதுவா இருந்தாலும் சரி."

தனராஜிடம் போனில் சொன்னபோது, "உங்க இஷ்டம்" என்றார்.

ஒரு விடுமுறை நாளில் இருவரும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனார்கள். ஜன்னலோர இருக்கையை ஸ்வீட்டிக்குக் கொடுத்துவிட்டு, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பத்தோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள் கேசியா. 

மீன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருந்தது. உள்ளே புழுக்கம், மோட்டார் இரைச்சல், எப்போதும் ஈரமாக இருக்கும் தரை. கடைக்காரர் ரமணா நெற்றி நிறைய நாமம் போட்ட குண்டு மனிதர். தெலுங்கையும் தமிழையும் ஒரே வாயில் அரைத்துப் பேசினார்.

"பாதி மண்ணு, பாதி நீள்ளு. அந்தே கதா, அவ்ளோதானே? செஞ்சுடலாம் மேடம். இப்போ இதான் பேஷன். உள்ள இன்னா உடணும்?"

"ஒரு ஆமை ஏற்கெனவே இருக்குது. அதுங்கூட இருக்கிற மாதிரி வேற என்ன வைக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள் கேசியா.

ரமணா ஒவ்வொன்றாகக் காட்டினார். பல்லியைப்போல உடம்பும் ஆரஞ்சு வயிறுமாக ஒன்று தண்ணீருக்கடியில் அசையாமல் கிடந்தது. தண்ணீரிலும் இருக்கும், ஈரமான கல்லிலும் ஏறும் என்றார்.

"சித்தூர் வெயிலத் தாங்குமா?"

"குளிர் தேசத்துப் பிராணி மேடம். மே மாசம் மட்டும் ஐஸ் கட்டி போட்டுக்கினு இருக்கணும்."

கேசியா வேண்டாமென்று தலையாட்டினாள். அடுத்தது வெள்ளைத் தவளை. அது தண்ணீரை விட்டு மேலே வரவே வராதாம். அப்படியானால் மண் எதற்கு? அதற்கடுத்த தொட்டியில் நகத்தளவு நண்டுகளும், கொஞ்சம் பெரிதாக, கொடுக்கு மட்டும் செம்பருத்திப்பூ நிறத்தில் இருந்த நண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஸ்வீட்டி அங்கேயே நின்றுவிட்டாள்.

"இது நிலத்துலயும் இருக்கும், தண்ணியிலயும் இருக்கும். மேடம் கேக்குற தொட்டிக்குன்னே தேவுடு படைச்சது" என்றார் ரமணா.

"ஆமை இத துன்னாதா?" என்று கேட்டாள் கேசியா.

"வயிறு நெறைய தீனி போட்டா ஏன் துன்னுது? சேத்து வளத்தா அலவாட்டு ஆயிடும் மேடம். பழகிப்போச்சுன்னா ஒண்ணும் பண்ணாது."

கேசியா கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஆமைகள் இருந்த தொட்டியில் ஆமைகள் மட்டும்தான் இருந்தன. நண்டுகள் இருந்த தொட்டியில் நண்டுகள் மட்டும். 'நீங்களே எதையும் சேத்து வைக்கலியே' என்ற கேள்வி நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டால் அவர் ஒரு பதில் சொல்வார், அதற்கு இவள் ஒன்று சொல்லவேண்டும், பிறகு ஸ்வீட்டியிடம் வேண்டாமென்று சொல்லவேண்டும், அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். அத்தனைக்கும் தெம்பு தேவைப்பட்டது. அவளிடம் அது இல்லை.

"இந்த ரெண்டு நண்டு" என்றாள் ஸ்வீட்டி. "அப்புறம் அந்த மீனுங்க. செகப்பு, மஞ்சள், எல்லாத்துலயும் கொஞ்சம்."

"சரி" என்றாள் கேசியா.

அடுத்த வாரம் ரமணாவின் ஆட்கள் தொட்டியை வேனில் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போனார்கள். ஆற்றுக் கற்களை அடுக்கி ஒரு சரிவு, அதன்மேல் தேங்காய்நார்த்தூளும் மண்ணும், ஓரத்தில் மணிபிளான்ட் கொடி. மறுபாதியில் தெளிந்த தண்ணீர். மோசேயைத் தூக்கி விட்டபோது அது கொஞ்சநேரம் தலையை உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தது. பிறகு நீந்தியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், கண்ணாடியில் முட்டி, திரும்பி வந்து, மறுபடி போயிற்று. பக்கத்து வீட்டுக் கமலம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏதேன் தோட்டம்னு உங்க வேதத்துல சொல்வாங்களே, அதாட்டம் கீது" என்றாள். ஸ்வீட்டி ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

முதலில் காணாமல் போனது ஒரு மஞ்சள் மீன். கல்லிடுக்கில் மறைந்திருக்கும் என்று நினைத்தாள் கேசியா. மறுநாள் ஒரு சிவப்பு வால் மட்டும் தண்ணீரில் மிதந்தது. ஸ்வீட்டி சமையலறையிலிருந்து டீ வடிகட்டியை எடுத்துவந்து, அந்த வாலை அள்ளி, குப்பையில் போட்டு, வடிகட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, இருந்த இடத்தில் மாட்டினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கேசியா வேறு வடிகட்டி வாங்கினாள். அதைத் தவிர அவளும் எதுவும் செய்யவில்லை. ஆலையில் தோத்தாபுரி மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தது. லாரிகள் தெரு வரை நின்றன. காலையில் போனால் இருட்டித் திரும்பினாள்.

மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. பிறகு ஒரு நண்டு போயிற்று. மண்மேல் அதன் ஓட்டுத்துண்டு கிடந்தது.

ஆலையில் இயந்திரம் பழுதாகி எல்லாரையும் சீக்கிரம் அனுப்பிவிட்ட ஒரு மத்தியானம் கேசியா வீட்டுக்கு வந்தாள். ஸ்வீட்டி காலேஜுக்குப் போகவில்லை. நாற்காலியில் இருந்தாள். தொட்டிக்குள் மீதமிருந்த நண்டு கற்சரிவின் விளிம்பில் இருந்தது. மோசே தண்ணீருக்குள்ளிருந்து அதை நோக்கி மெல்ல நீந்திவந்தது. கேசியா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். ஆமையின் கழுத்து நீண்டது, வாய் திறந்து மூடியது. நண்டு மண்ணுக்குள் ஓடிற்று. அதன் சிவந்த கொடுக்கு ஒன்று ஆமையின் வாயில் இருந்தது.

ஸ்வீட்டி அசையவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஆமை விலகியிருக்கும். அவள் முன்னால் குனிந்து, பரீட்சைக்குப் படிக்கிறவளைப்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்வீட்டி."

அவள் திரும்பினாள்.

"அது துன்னும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"முன்னமே. டப்புல ஒருவாட்டி அம்மா மீன் உட்டாங்க. துன்னுடுச்சு. அன்னிக்கு நான் ரொம்ப அழுதேன்."

"பின்ன எதுக்குக் கூட உடணும்னு சொன்ன?"

ஸ்வீட்டி நகத்தால் நாற்காலியின் கையைச் சுரண்டினாள். 

"பாக்கணும்னு."

"எத?"

"அம்மா செத்தப்போ எனக்கு ஒண்ணும் ஆவல ஆன்ட்டி. எல்லாரும் அழுதாங்க. நைனா கல்லறையில மண்ணப் போட முடியாம கீழ உக்காந்துட்டாரு. நான் சும்மா நின்னுக்கினு இருந்தேன். அப்பறமும் வர்ல. அந்தச் சின்ன மீனுக்கே அழுதனே, இப்போ நெறைய மீனு செத்தா வருமான்னு பாத்தேன்."

கேசியா கைப்பையை மேசைமேல் வைத்தாள். "வந்துச்சா?"

"வர்ல."

வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள். கேசியா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் எங்கம்மா போனப்போ வர்ல" என்றாள் கேசியா. "இன்னி வரைக்கும் வர்ல. ஜெபம் பண்ணிப் பாத்தேன். அவங்க பொடவைய எடுத்து மோந்து பாத்தேன். கல்யாணம் பண்ணிக்கினா ஏதாச்சும் மாறுமோன்னு இங்க வந்தேன்."

"மாறுச்சா?"

"இல்ல."

ஸ்வீட்டி அவளையே பார்த்தாள். அந்தப் பதில் அவளை வருத்தியதாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு சந்தேகம் தீர்ந்ததைப்போல மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஆனா அதுக்கு நண்டு இன்னா பண்ணுச்சு?" என்றாள் கேசியா. "நாமதான தூக்கியாந்து உட்டோம். எனக்கும் கடையிலயே தெரியும். வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்றதுக்குச் சோம்பலா இருந்துச்சு, உட்டுட்டேன்."

அவள் எழுந்துபோய்ச் சப்பாத்தி வைக்கிற பெரிய டப்பாவைக் காலி செய்து கொண்டுவந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டாள். மண்ணைக் கிளறியதும் மீதிக் கொடுக்கால் அவள் விரலைக் கவ்வியது நண்டு. வலித்தது. கையை உதறாமல் அப்படியே தூக்கி டப்பாவில் விட்டாள். மீதியிருந்த சில மீன்களை ஸ்வீட்டி வலைக்கரண்டியால் பிடித்து வாளியில் விட்டாள். அது முடிந்ததும் இருவரும் கை கழுவிக்கொண்டு சோறு சாப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதையெல்லாம் படித்தார்கள். அந்த நண்டு கழிமுகத்து ஜாதி. தண்ணீரில் கொஞ்சம் உப்புக் கலந்திருந்தால்தான் பிழைக்கும். ஆமைக்கு அந்த உப்பு ஆகாது. மீன்கள் சின்னவையாக இருந்தால் நண்டே அவற்றைப் பிடித்துத் தின்னும். ஆமையோ இரண்டையும் தின்னும்.

"மூணும் ஒண்ணுக்கொண்ணு ஆவாது" என்றாள் ஸ்வீட்டி.

"ஆவாதுதான். ஆனா ஒரே ஊட்ல இருக்கலாம். தொட்டிதான் வேற வேற வேணும்."

சனிக்கிழமை தனராஜ் வந்தார். ஹாலில் தொட்டி, மேசைமேல் வாளி, ஜன்னலில் சப்பாத்தி டப்பா என்று பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். நடந்ததில் பாதியைக் கேசியா சொன்னாள். ஸ்வீட்டி தன்னிடம் சொன்ன பாதியைச் சொல்லவில்லை.

"எதுக்கு இந்தத் தொல்லை?" என்றார் அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "ஆமைய நாளைக்குக் காணிப்பாக்கம் பக்கம் ஏதாவது ஏரியில உட்டுட்டு வந்துடறேன். அதுவும் நிம்மதியா இருக்கும், தொட்டியில மத்ததுங்களும் நிம்மதியா இருக்கும்."

ஸ்வீட்டியின் கை தட்டில் நின்றது.  வேண்டாமென்று அவள் சொல்லமாட்டாள் என்று கேசியாவுக்குத் தெரிந்தது. ஆமையைக் கொண்டுபோனாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து தட்டைக் கழுவி வைப்பாள்.

"வேணாங்க" என்றாள் கேசியா.

தனராஜ் நிமிர்ந்தார். இந்த வீட்டில் அவள் வேண்டாமென்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"அது வெளிநாட்டு ஜாதி. ஏரியில உட்டா அங்க இருக்கிற மீன், தவளை, நம்ம ஊர் ஆமை எல்லாத்தையும் ஒழிச்சுடும். அதும் இல்லாம, அது லோயிஸ் வாங்கினது. அது இங்கதான் இருக்கணும். பெரிய தொட்டி அதுக்கு. வேற எதுவும் அதுல வேணாம்."

லோயிஸ் என்ற பெயரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தனராஜ் பிசைந்த சாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அது ஏறி உக்கார அந்தக் கல்லு சரியில்ல. வழுக்குது. பலகை அடிச்சுத் தரேன்" என்றார்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தவர் தூங்கப் போகவில்லை. லுங்கியைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்து பலகை அறுத்தார். நார்க்கயிற்றைச் சுற்றி வழுக்காமல் செய்தார். அதற்குமேல் ஒரு விளக்கைப் பொருத்தினார். மண்ணைக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீரை ஆழமாக்கினார்கள். சாயங்காலத்துக்குள் மோசே பலகைமேல் ஏறி, பின்னங்கால்களை நீட்டிப்போட்டுக்கொண்டு விளக்கின் கீழே கிடந்தது. "உங்கம்மாவும் வெயில்ல இப்படித்தான் காலை நீட்டிக்கினு உக்காருவா" என்றார் தனராஜ் மகளிடம். ஸ்வீட்டி, "ம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் போனார்.

அதற்கடுத்த வாரம் அவரே திருப்பதியில் ரமணாவின் கடைக்குப் போய், நண்டுக்கு ஒரு சின்னத் தொட்டியும் கடல் உப்புப் பாக்கெட்டும் வாங்கிவந்தார். மீன்களைக் கமலம்மா தன் வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நண்டு ஒற்றைக் கொடுக்கோடு வாழப் பழகியது. பகலில் சிரட்டைக்குக் கீழே ஒளிந்திருக்கும். சாயங்காலம் வெளியே வந்து, போட்ட காரட் துண்டைக் கிள்ளிக் கிள்ளித் தின்னும். அதற்கு ஸ்வீட்டி பெயர் வைக்கவில்லை. மாலையில் காலேஜ் விட்டு வந்ததும், முதலில் இந்தச் சின்னத் தொட்டியின் உப்பைச் சோதிக்கும் குழாயைத்தான் எடுப்பாள். ஆலையில் கூழின் இனிப்பை அளக்கிற மாதிரிதான் இதுவும் என்று கேசியா காட்டிக்கொடுத்தாள். இருவருக்கும் அதைப் பற்றிப் பேச ஏதோ இருந்தது. கோடு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது, தண்ணீர் மாற்றலாமா, நாளைக்கு மாற்றலாமா.

மழைக்காலத்தில் ஒருநாள் நண்டு தன் ஓட்டை உரித்துப் போட்டது. வெறும் ஓட்டைப் பார்த்து அது செத்துவிட்டதென்றே ஸ்வீட்டி நினைத்தாள். "இதுவும் போச்சு" என்று சமையலறையில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். கேசியா போய்ச் சிரட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வெளிறிப்போய், ஈரத் தோலும் தானுமாக நண்டு உட்கார்ந்திருந்தது. கொடுக்கு இருந்த இடத்தில் அரிசியளவில் ஒரு புதுக்கொடுக்கு. அவள் கூப்பிட்டுக் காட்டினாள். ஸ்வீட்டி நெடுநேரம் பார்த்தாள். "இது வளருமா?" என்றாள். வளரும் என்று படித்ததாகக் கேசியா சொன்னாள்.

வளர்வதற்குள் அது இறந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, ஏன் என்று தெரியாமல், பகலில் வெளியே வந்து தண்ணீரோரம் மல்லாந்து கிடந்தது. இம்முறை சந்தேகத்துக்கு இடமில்லை. வாடை அடித்தது.

கேசியா கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்வீட்டி வந்து அடுப்பு மேடையோரம் நின்றாள்.

"நண்டு செத்துப்போச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்." அவள் மேடைமேல் சிந்தியிருந்த மாவை விரலால் கூட்டினாள். "இன்னிக்கும் உப்பு கரெக்டாத்தான் இருந்துச்சு. நேத்துகூடக் காரட் துன்னுச்சு. நான் எதுவும் தப்பா பண்ணல."

"நீ எதுவும் தப்பா பண்ணலம்மா."

"அம்மாவுக்கும் நான் டயாலிசிஸ்க்குக் கூடப் போனேன். தண்ணி அளந்து அளந்துதான் குடுத்தேன். அவங்க கேட்டாலும் குடுக்கல. கடைசில ஒருவாட்டி கேட்டாங்க..." என்றவள் நின்றாள். கீழுதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. "ஆன்ட்டி, எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

"உக்காரு."

ஸ்வீட்டி தரையில் உட்கார்ந்தாள். அழுகை அவளிடமிருந்து ஒழுங்காக வரவில்லை. முதலில் விக்கலைப்போல வந்தது, பிறகு இருமல், பிறகு வாயைத் திறந்தபடி சத்தமே இல்லாமல் கொஞ்சநேரம், அப்புறம்தான் சத்தம். கேசியா பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக்கையோடு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கூந்தலெல்லாம் மாவாயிற்று. 'அழாதே' என்று சொல்லத் தோன்றவில்லை. தனக்கும் வருமோ என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. தோள் ஈரமாவது மட்டும் தெரிந்தது, சூடாக. முன்பு இப்படித் தேடி ஒன்றும் அகப்படாதபோது ஒரு பயம் வரும். இன்று அந்தப் பயம் இல்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள். அம்மாவுக்குத் தைலம் தேய்க்கிற மாதிரி, அந்தப் பெண்ணின் முதுகை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மாவு காய்ந்துபோயிருந்தது. மறுபடி தண்ணீர் தெளித்துப் பிசைந்தார்கள். ஸ்வீட்டி முள்கரண்டியின் முதுகில் மாவை உருட்டி உருட்டிப் போட, கேசியா பொரித்தெடுத்தாள். தனராஜ் வந்து, மகளின் வீங்கிய கண்ணையும் மாவுபடிந்த தலையையும் பார்த்தார். கேசியா அவருக்குத் தலையசைத்தாள். அவர் தட்டிலிருந்து ஒரு கலகலாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மகளுக்குப் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

புது வருஷம் பிறந்து, காலேஜும் திறந்தபிறகும் நண்டுத்தொட்டி கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட்டி அதை நிமிர்த்தி வைத்தாள். இம்முறை உப்பு வேண்டாம் என்றாள். தண்ணீர்ப் பாதிக்கு நத்தையும், கண்ணாடி மாதிரி உடம்பு தெரிகிற குட்டி இறாலும் போதும். இரண்டும் பாசியைத்தான் தின்னும், ஒன்றையொன்று தொடாது. குளிர்காலம், கோடைக்காலம் இரண்டிலும் சித்தூரில் தாங்குமா என்றுகூடப் பார்த்துவிட்டாள்.

"மண்ணுப் பக்கம்?" என்று கேட்டாள் கேசியா. "அங்க யாரும் வேணாமா?"

ஸ்வீட்டி கற்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்போதிக்கு வேணாம் ஆன்ட்டி. செடி மட்டும் இருக்கட்டும்."

கேசியா பின்வாசலுக்குப் போய், துவைக்கிற கல்லோரம் படர்ந்திருந்த பாசியை மண்ணோடு பெயர்த்து, மண்ணுப் பக்கத்துக்கென்று எடுத்துவந்து கொடுத்தாள்.